வீட்டில் வைக்கும் நிலநடுக்கமானி: அந்த வேலையிலேயே இருந்தவனின் மதிப்புரை

நேராகவே சொல்லிவிடுகிறேன். நிலநடுக்கம் வருவதை முன்கூட்டியே சொல்லும் என்று நம்பி இந்தப் பெட்டியை வாங்கப் போகிறீர்கள் என்றால், வேண்டாம். நிலநடுக்க ஆய்வாளர்கள் நாள் முழுக்க என்னதான் செய்கிறார்கள், அந்த வேலைக்கு நமக்குப் பொறுமை இருக்கிறதா என்று பார்க்க நினைக்கும் மாணவர் என்றால், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஓய்வு பெறும்வரை நான் பார்த்தது அந்த வேலைதான். அதனால் இந்த மதிப்புரையில் பெட்டியைப் பற்றிப் பாதி, வேலையைப் பற்றிப் பாதி வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இந்த வகைக் கருவிகளை இப்போது பலர் செய்கிறார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு ஜியோபோன், அதன் சிக்னலை எண்களாக மாற்றும் ஒரு பலகை, கையகல கணினி ஒன்று. நான் சொல்லும் நிறைகுறைகளில் முக்கால்வாசி எல்லாப் பெட்டிக்கும் பொருந்தும்.

ஜியோபோன் என்பது கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பருமனான ஓர் உருளை. உள்ளே ஒரு காந்தம், அதைச் சுற்றி ஸ்பிரிங்கில் தொங்கும் கம்பிச்சுருள். தரை அசைந்தால் காந்தமும் கூடவே அசையும். சுருள் மட்டும் தன் எடையால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவில் ஏற்படும் அந்த வித்தியாசம்தான் மின்னழுத்தமாக வெளியே வருகிறது. எண்ணெய் தேடும் கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் தரையில் குத்தி வைப்பது இதைத்தான். அப்படி மொத்தமாகச் செய்வதால்தான் சாதாரண ஆட்களும் வாங்கும் நிலைக்கு இது வந்திருக்கிறது. பெட்டியில் வைத்து மூடுவதற்கு முன் உருளையைக் கையில் எடுத்து லேசாகக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே சுருள் தட்டும் மெல்லிய சத்தம் கேட்கும். ஓங்கிக் குலுக்காதீர்கள்.

முதல் குறை அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது. கருவியை மேசைமேல், பூச்சாடிக்குப் பக்கத்தில் வைத்துப் படம் போட்டிருக்கிறார்கள். மேசைக்கென்று ஒரு சொந்த ஆட்டம் உண்டு. அதன்மேல் வைத்தால் நீங்கள் பதிவு செய்வது மேசையை. மாடியில் வைத்தால் கட்டடத்தின் ஆட்டத்தை. கையேட்டில் இதைப் பற்றி இருப்பது 'சமதளத்தில் வைக்கவும்' என்ற ஒரே வரி. நான் வேலை பார்த்த நிலையத்தில் கருவிகள் நின்றது பாறையில் ஊன்றிய கான்கிரீட் தூணில். அறையின் தரை அந்தத் தூணைத் தொடக்கூடாது என்று சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி விட்டிருப்பார்கள். பெருக்க வருகிறவர் தெரியாமல் அந்த இடைவெளியில் குப்பையைத் தள்ளிவிட்டால் அன்றைக்குப் பெரிய பஞ்சாயத்தே நடக்கும். வீட்டில் அவ்வளவுக்கு முடியாது. தரைத்தளத்தில், சுவரோர மூலையில், விரிப்பு எதுவும் இல்லாத வெறும் தரையில் வையுங்கள். மூன்று திருகுக்கால்களையும் குமிழிமட்டம் பார்த்துச் சரிசெய்து நன்றாக இறுக்குங்கள். மின்விசிறிக் காற்று பெட்டியில் படாமல் இருக்க ஒரு தெர்மோகோல் பெட்டியை மேலே கவிழ்த்து வைத்தேன். இரவு நேரப் பதிவு அதற்கப்புறம்தான் ஒழுங்கானது.

மின்சாரம் கொடுத்து, இணையத்தோடு இணைத்துவிட்டால் திரையில் கோடு ஓடத் தொடங்கும். நொடிக்கு 100 முறை அளக்கிறது. வாங்கியவர்கள் பலர் முதல் நாளே 'எப்போ பார்த்தாலும் ஆடிக்கிட்டே இருக்கு, கருவி கோளாறு' என்று எழுதியிருந்ததைப் படித்தேன். கோளாறு எதுவும் இல்லை. தரை எப்போதும் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. கதவு மூடுவது, தெருவில் லாரி போவது, ஃபிரிட்ஜ் மோட்டார் ஓட ஆரம்பிப்பது எல்லாமே அதில் விழும். நாங்கள் இதை நாய்ஸ் என்போம். இந்தத் தொழிலில் பாதி ஆயுள் இதற்கே போய்விடும்.

அதற்காக நாய்ஸை வீண் என்று தள்ளிவிட வேண்டாம். அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் இந்த மென்பொருளில் அருமையாக இருக்கிறது. துணி துவைக்கும் இயந்திரத்தை ஓடவிட்டு அதைப் பாருங்கள். துவைக்கும்போது அங்கங்கே திட்டுத்திட்டாகத் தெரியும். பிழியும் கட்டம் வந்ததும் ஒரு மெல்லிய கோடு கீழிருந்து கிளம்பி வளைந்து மேலேறி, 20 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 20 ஆட்டத்தில், போய்ச் சமமாக நிற்கும். 20-ஐ 60-ஆல் பெருக்கினால் 1200. இயந்திரத்தின் முகப்பில் எழுதியிருக்கும் சுழற்சி வேகமும் அதே 1200தான். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதைத் தொடாமலே தரை வழியாகப் படித்துவிட்டோம். இயற்பியல் ஆசிரியர்கள் இதற்காகவே ஒன்று வாங்கிப் பள்ளியில் வைக்கலாம்.

பேத்திக்கு வேறு ஆர்வம். பெட்டிக்குப் பக்கத்தில் எம்பிக் குதித்துவிட்டு, "தாத்தா, நான் எத்தனை ரிக்டர்?" என்றாள். "நீ ரிக்டர் எல்லாம் இல்லைடி, வெறும் நாய்ஸ்" என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டாள். அவள் கேள்வி நியாயமானதுதான், பெட்டி தரும் பதில்தான் சரியில்லை. கூட வரும் செயலி, எதையாவது பிடித்தவுடன் ரிக்டர் என்று ஓர் எண்ணைக் காட்டுகிறது. சார்ல்ஸ் ரிக்டர் 1935-இல் கலிஃபோர்னியாவுக்காக அந்த அளவைக் கொண்டுவந்தபோது, தூரத்தை வைத்தே கட்டினார். 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் உட்-ஆண்டர்சன் வகை நிலநடுக்கமானியில் 1 மில்லிமீட்டர் வீச்சு விழுந்தால் அது 3. எண் ஒன்று ஏறினால் வீச்சு 10 மடங்கு, வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு. தூரம் தெரியாமல் இந்தக் கணக்குத் தொடங்கவே தொடங்காது. ஒற்றைப் பெட்டிக்குத் தூரம் எப்படித் தெரியும்? பக்கத்தில் குதித்த பிள்ளைக்கும் தொலைவில் அதிர்ந்த பூமிக்கும் ஒரே சூத்திரத்தைப் போட்டு ஓர் எண்ணைக் காட்டுகிறது. அமைப்புகளில் போய் முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள்.

தூரத்தை நீங்களே கண்டுபிடிக்க முடியும், அதுதான் இந்தப் பெட்டியின் உண்மையான சுகம். ஓர் இரவு, வீடு அடங்கிய பிறகு, உண்மையான நிலநடுக்கம் ஒன்று விழுந்தது. நான்கு ரிக்டர் அளவு, யாரும் உணரவில்லை. காலையில் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சீரான கோட்டில் திடீரென்று ஒரு மேல்நோக்கிய வெட்டு. அதுதான் பி அலை. பாறையை அழுத்தித் தளர்த்திக்கொண்டு நொடிக்கு 6 கிலோமீட்டர் வாக்கில் ஓடிவருவது. அதன் வால் அடங்குவதற்குள் இன்னும் பெரிய வீச்சோடு எஸ் அலை. அது குறுக்காட்டம், நொடிக்கு சுமார் 3.5 கிலோமீட்டர்தான் போகும். இரண்டுக்கும் நடுவே 18 நொடி. அருகில் நடக்கும் நிலநடுக்கங்களுக்கு அந்த இடைவெளியை எட்டால் பெருக்கினால் கிலோமீட்டர் கணக்கு வந்துவிடும், 144. அதிகாரபூர்வப் பட்டியலில் வந்த மையம் கிட்டத்தட்ட அதே தூரத்தில்தான் இருந்தது. எந்தத் திசை என்பது மட்டும் தெரியாது. மூன்று இடத்துப் பதிவுகள் வேண்டும், மூன்று வட்டம் போட்டு வெட்டிக்கொள்ளும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

நான் வேலையில் சேர்ந்தபோது இதையெல்லாம் புகைபிடித்த தாளில் படித்தோம். உருளையில் தாளைச் சுற்றி, மண்ணெண்ணெய் விளக்கின் கரியை அதில் படியவிட்டு, மேலே ஓர் ஊசி கீறிக்கொண்டே போகும். அடுத்த நாள் தாளைக் கழற்றும்போது விரல் பட்டால் அந்த இடத்துப் பதிவு போய்விடும். அரக்குக் கரைசலில் முக்கிக் காயவைத்துத்தான் கையில் எடுக்கலாம். உருளை நிமிடத்துக்கு 60 மில்லிமீட்டர் சுற்றும், ஆக ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு நொடி. உருப்பெருக்கியில் பத்தில் ஒரு மில்லிமீட்டர்வரை பார்த்து எழுதுவோம். பி அலை வெடுக்கென்று தொடங்கியிருந்தால் அதன் முன்னால் 'ஐ' (i) என்று போட வேண்டும். மெல்ல மெல்ல எழும்பியிருந்தால் 'ஈ' (e). புதிதாக வருகிறவன் எல்லாவற்றுக்கும் ஐ போடுவான். எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் என் தாளைத் திரும்பப் படித்துச் சிவப்புப் பென்சிலில் திருத்துவார். "சந்தேகமா இருந்தா ஈ போடு தம்பி. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதாதே, இன்னொருத்தன் உன் எண்ணை நம்பிக் கணக்குப் போடுவான்" என்பார்.

அப்படி நம்பிக் கணக்குப் போட்டவர்களில் இங்கெ லேமன் (Inge Lehmann) என்ற டென்மார்க் பெண்மணியைச் சொல்லாமல் விட முடியாது. டென்மார்க்கில் நிலநடுக்கம் அபூர்வம். 1928-இலிருந்து 1953 வரை அங்கே நில அதிர்வுத் துறையின் தலைவராக இருந்தவர், பல காலம் அந்த நாட்டின் ஒரே நிலநடுக்க ஆய்வாளரும் அவர்தான். கோபன்ஹேகனில் இருந்த கருவிகளோடு கிரீன்லாந்தில் இருந்தவற்றுக்கும் அவரே பொறுப்பு. 1929-இல் நியூசிலாந்தின் முர்ச்சிசனில் பெரிய நிலநடுக்கம் வந்தபோது, பூமியின் மையப் பகுதியான கருவத்தால் பி அலைகள் வளைக்கப்பட்டு எதுவுமே வந்து சேரக்கூடாத தொலைவுகளில் சிறிய அசைவுகள் விழுந்திருந்தன. மற்றவர்கள் கண்ணிலும் அவை பட்டிருக்கும். அவர் அவற்றை நாய்ஸ் என்று ஒதுக்கவில்லை. ஓட்ஸ் வந்த அட்டைப்பெட்டிகளில் அட்டைகளை அடுக்கி, நேரங்களை எழுதி, நிலையம் நிலையமாக ஒப்பிட்டுப் பார்த்தார். 1936-இல் வந்த கட்டுரையில், திரவக் கருவத்துக்குள்ளே இன்னொரு உட்கருவம் இருந்தால் இந்த அசைவுகள் பொருந்திவரும் என்றார். பூமிக்குள்ளே யாரும் எட்டிப் பார்க்காமலே கிடைத்த விடை. 104 வயதுவரை வாழ்ந்து 1993-இல் மறைந்தார். இதை இங்கே சொல்லக் காரணம், செயலி தானே பி அலையைக் குறித்துக் காட்டும் வசதி. பெரிய நிலையங்களிலும் இப்போது இயந்திரக் கற்றல் நிரல்கள்தான் முதல் வாசிப்பைச் செய்கின்றன, ஒரு மனிதன் மாதக்கணக்கில் படிப்பதை அவை மணிக்கணக்கில் முடித்துவிடும். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் கற்றுக்கொள்கிறவர் அந்த வசதியைக் கொஞ்ச நாள் அணைத்து வைத்துத் தன் கண்ணால் படிக்க வேண்டும். நல்லவேளையாக, பெட்டி தரவை மினிசீட் வடிவத்தில் தருகிறது. உலகத்தின் ஆய்வகங்கள் எல்லாம் பரிமாறிக்கொள்ளும் வடிவம் அது. இலவச நிரல்களில் திறந்து எப்படி வேண்டுமானாலும் வடிகட்டலாம். இந்த ஒரு விஷயத்துக்காகவே மதிப்பெண் கூட்டிப் போடுவேன்.

அடுத்தது பெரிய குறை. இதைக் குறை என்பதைவிட, விளம்பரம் மறைக்கும் உண்மை என்று சொல்லலாம். இந்த ஜியோபோனின் இயல்பான அதிர்வெண் 4.5 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே போகப் போகக் காது மந்தமாகிக்கொண்டே வரும். கொசுவின் ரீங்காரம் கேட்கும், இடி கேட்காது என்பது போன்ற காது. கடல் அலைகளால் உலகம் முழுக்கத் தரையில் பரவும், ஒருமுறை ஆட 5 முதல் 8 நொடி எடுக்கும் மெதுவான ஆட்டம் இதில் தெளிவாக வராது. கடலுக்கு அந்தப் பக்கம் 7 ரிக்டர் வந்தால், சரியாக வடிகட்டினால் பி அலையின் முதல் அசைவு தெரியும். அதற்குப் பின்னால் வரும் 20 நொடி மேற்பரப்பு அலைகள், உண்மையிலேயே பெரியவை, இதில் சுத்தமாகக் கிடையாது. 'உலகின் எந்த மூலையில் நிலம் அதிர்ந்தாலும்' என்று அட்டையில் எழுதியிருப்பதைப் பாதியாகக் குறைத்துப் படித்துக்கொள்ளுங்கள். ஆய்வு நிலையங்களில் இருக்கும் அகலப்பட்டைக் கருவிகள் 120 நொடி, சில 360 நொடி நீளமான ஆட்டத்தையும் எழுதும். அவை வேறு உலகம்.

மெதுவான அலை கேட்காவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். 2004 டிசம்பர் 26 காலையில் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையத்தின் முதல் அறிவிப்பில் சுமத்ரா நிலநடுக்கத்தின் அளவு 8.0. சுமார் ஒரு மணி நேரத்துக்கு அப்புறம் 8.5. நீண்ட அலைகளை முழுதாக வைத்துக் கணக்கிட்ட பிறகே 9-க்கு வந்தது. பிளவு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நிமிடக்கணக்கில் கிழிந்துகொண்டே போயிருக்கிறது, குறுகிய அலைகளுக்கு அந்த நீளம் தெரிவதில்லை. பழைய அளவுகள் ஓர் எல்லைக்கு மேல் ஏறாமல் தேங்கிவிடும் என்ற இந்தச் சிக்கலை ஜப்பானிய ஆய்வாளர் ஹிரூ கனமோரி அதற்கு முன்பே தீர்த்து வைத்திருந்தார். டோக்கியோவிலிருந்து 1972-இல் கலிஃபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். பிளவின் பரப்பு, நழுவிய தூரம், பாறையின் விறைப்பு மூன்றையும் பெருக்கி வரும் திருப்புத்திறனிலிருந்து அளவைக் கணக்கிடும் முறையை 1977-இலும், இன்னொரு ஆய்வாளரான ஹேங்க்ஸோடு சேர்ந்து 1979-இலும் எழுதினார். 1960 சிலி நிலநடுக்கத்துக்கு 9.5 என்ற எண் வந்தது அந்த வழியில்தான். செய்தியில் இன்றைக்கும் 'ரிக்டர்' என்றே படிக்கிறார்கள், பெரிய நிலநடுக்கங்களுக்கு வரும் எண் பெரும்பாலும் கனமோரியுடையது. ஆக அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ள நினைப்பவருக்கு இந்தப் பெட்டி போதாது. பொதுவில் கிடைக்கும் அகலப்பட்டைத் தரவை இறக்கிப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

எச்சரிக்கை மணி என்று ஒன்று கொடுத்திருக்கிறார்கள். தயவுசெய்து அதை நம்பாதீர்கள். ஜப்பானில் 2007 முதல் பொதுமக்களுக்குத் தரப்படும் முன்னெச்சரிக்கை, நெருக்கமாக நட்ட ஏராளமான நிலையங்கள் பி அலையைப் பிடித்து, எஸ் அலை வருமுன் சில நொடிகளைத் தருவது. நிலம் அதிரத் தொடங்கிய பிறகு வரும் எச்சரிக்கை அது. ஒற்றைப் பெட்டி, லாரிக்கும் நிலநடுக்கத்துக்கும் ஒரே மணியைத்தான் அடிக்கும். என் வீட்டில் அது அடித்ததெல்லாம் குப்பை வண்டிக்கு.

அதிர்வதற்கு முன்பே சொல்வது என்பது இன்னும் கைகூடாத விஷயம். பார்க்ஃபீல்ட் கதை இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். கலிஃபோர்னியாவின் அந்தச் சின்ன ஊரில் 1857, 1881, 1901, 1922, 1934, 1966 என்று ஏறக்குறைய ஒழுங்காக 6 ரிக்டர் அளவில் வந்துகொண்டிருந்தது. 1993-க்குள் அடுத்தது வந்துவிடும் என்று 1985-இல் அறிவித்து, ஊரைச் சுற்றிக் கருவிகளை நட்டுக் காத்திருந்தார்கள். அது வந்தது 2004 செப்டம்பர் 28. அத்தனை கருவிகள் நடுவில் வந்தும் 'இதோ வரப்போகிறேன்' என்று சொல்லும் தெளிவான அறிகுறி எதையும் காட்டவில்லை. ஆனால் கிடைத்த பதிவுகள் பொக்கிஷம், பலர் அதை வைத்து ஆய்வு செய்தார்கள். ஒரு தலைமுறை ஆய்வாளர்களின் வேலைக்காலத்தில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்பிலேயே போனது.

தரவைப் பொது வலையமைப்பில் பகிரலாமா என்று அமைக்கும்போதே கேட்கும். நான் பகிர்கிறேன். வீட்டில் கருவி வைத்து உலகத்தோடு பகிர்வது புதிதும் இல்லை. ஜான் மில்ன் ஜப்பானில் ஏறக்குறைய இருபது ஆண்டு வேலை பார்த்து, 1880 யோகோஹாமா நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே உலகின் முதல் நில அதிர்வுக் கழகம் தொடங்கக் காரணமாக இருந்தவர். 1895-இல் இங்கிலாந்து திரும்பி, வைட் தீவில் ஷைட் என்ற இடத்தில் தன் வீட்டிலேயே கருவியை வைத்துக்கொண்டார். பல நாடுகளிலிருந்து பதிவுகள் அஞ்சலில் அந்த வீட்டுக்கு வந்தன. உலக நிலநடுக்கப் பட்டியல் கொஞ்ச காலம் ஒரு வீட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

நம் காலத்தில் ஹைட்டியைப் பாருங்கள். 2010-இல் தலைநகரைச் சின்னாபின்னமாக்கிய நிலநடுக்கம் வந்தபோது அங்கே உருப்படியான நில அதிர்வு வலையமைப்பே இல்லை. 2021 ஆகஸ்டில் 7.2 வந்தபோது, பொதுமக்கள் தங்கள் வீடுகளில் வைத்திருந்த இதே வகைச் சிறு கருவிகள் இருந்தன. பின்னதிர்வுகளை அருகிலிருந்து எழுதியவை அவைதான், அந்தத் தரவை வைத்து ஆய்விதழில் கட்டுரையும் வந்தது. 2020 ஊரடங்கில் உலகம் முழுக்கத் தரையின் நாய்ஸ் அடங்கியதைக் காட்டிய ஆய்விலும், 117 நாடுகளின் 268 நிலையங்களுக்கு நடுவே வீட்டுப் பெட்டிகளும் இருந்தன. சில இடங்களில் நாய்ஸ் பாதியாகக் குறைந்திருந்தது.

பகிர்வதில் ஒரு சங்கடம், இதைக் கையேடு சொல்லவில்லை. உங்கள் கோட்டைப் பார்க்கிற எவருக்கும், நீங்கள் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எந்த நாள் வீட்டில் யாரும் இல்லை என்பது தெரிந்துவிடும். பதிவில் காலடி இருக்கிறதா இல்லையா என்று பார்த்தாலே போதும். வரைபடத்தில் இருப்பிடத்தைத் தோராயமாகக் காட்டும் வசதி அமைப்புகளில் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுங்கள். வெளியூர் போகும் பழக்கம் உள்ளவர்கள் கட்டாயம் செய்ய வேண்டியது இது.

நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டி இணையத்திலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்கிறது, பொதுவாக மில்லிநொடிக் கணக்கில் சரியாக இருக்கும். இணையம் நாள் கணக்கில் அறுந்திருந்தால் கடிகாரம் மெல்ல நகர்ந்துவிடும். அரை நொடி தப்பினால் பி அலைக் கணக்கில் 3 கிலோமீட்டர் தப்பும், அதைப் பயன்படுத்தும் மற்றவர்களின் கணக்கும் கெடும். ஜிபிஎஸ் ஏற்பியைச் சேர்க்கும் துளை பின்பக்கம் இருக்கிறது. பகிர நினைப்பவர்கள் அதையும் வாங்கிப் பொருத்திவிடுங்கள்.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் மேல்-கீழ் அசைவை மட்டும் எழுதும் மலிவான வகையை விட்டுவிட்டு, மூன்று திசையும் எழுதும் வகையை எடுக்கலாம். எஸ் அலை குறுக்காட்டம் என்பதைப் படத்தில் பார்ப்பதும் தன் பதிவிலேயே பார்ப்பதும் ஒன்றில்லை. கூடவே கணிதத்தையும் நிரல் எழுதுவதையும் பிடித்துக்கொள்ள வேண்டும். வேலையில் கல்லைத் தட்டிப் பார்ப்பதைவிடத் திரையைப் பார்ப்பதே அதிகம். இப்போதும் தோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள், பிளவுக்குக் குறுக்கே பள்ளம் வெட்டி மண்ணடுக்குகள் எங்கே அறுந்திருக்கின்றன என்று பார்த்து ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய நிலநடுக்கத்துக்குத் தேதி கணிப்பார்கள். வெயில் பிடித்தவர்களுக்கு அந்த வழி.

எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால், கருவிக்கு நான்கு, செயலிக்கு இரண்டு, கையேட்டுக்கு ஒன்றுகூடக் கிடையாது. கூட வரும் மின் அடாப்டர் இரைச்சல் பிடித்தது, அதைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு நல்லதாக ஒன்று வாங்குங்கள். வயர் நீளமாக இருக்கட்டும், மூலைவரை எட்ட வேண்டும்.